கடல் தெரியாத கடற்கரைச் சாலை

கடற்கரைச் சாலை என்று பெயர் வைத்துவிட்டால் போதும், ஜனங்கள் மனத்தில் ஒரு காலண்டர் படம் எழுந்துவிடுகிறது. ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, நடுவில் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டு போகிற கார். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இந்தப் படம் அங்கங்கே நிஜமாகவும் இருக்கிறது. ஆனால் அதே கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கே இறங்கி, தூத்துக்குடியை விட்டுத் திருச்செந்தூரை நோக்கிப் போகிற நாற்பது கிலோமீட்டரில் கடல் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. உப்பளம் தெரியும். வாழை தெரியும். வெற்றிலைக் கொடிக்கால் தெரியும். அப்புறம் பனை, பனை, பனை. கடல் மட்டும், கல்யாண வீட்டில் சமையற்கட்டை விட்டு வெளியே வராத பாட்டி மாதிரி, கிழக்கே எங்கேயோ இருக்கிறது என்று தெரியும், முகம் தெரியாது.

"இதைப் போய் அழகான சாலை என்கிறீரே!" என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் காரில் போனவர், நிறுத்தாமல் போனவர். இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது பெரிய காரியமில்லை. எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் காரியம்.

போன வைகாசியில் நாங்கள் மூன்று பேர் போனோம். நானும் என் மனைவியும் அவள் தம்பியும். உல்லாசப் பிரயாணம் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரியம் வேறு. என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் உடன்குடிப் பக்கத்தில் தாய்வழியாக வந்த ஒன்றரை ஏக்கர் விளை இருக்கிறது. விளை என்றால் அந்தச் சீமையில் பனை நிற்கிற மணற்காடு. நாற்பது சொச்சம் பனை, இரண்டு உடை மரம், பதநீர் காய்ச்சுகிற ஒரு விடிலி, அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்று ஆன பிறகு தரகர்கள் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார்கள். மாப்பிள்ளை விலைபேசி முடித்துவிட்டார். அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு.

மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் சாலை என்பது அவரைப் பொறுத்தவரை இரண்டு ஊர்களுக்கு நடுவே கிடக்கிற தொந்தரவு. சீக்கிரம் கடந்து தொலைக்க வேண்டும். நான் நிறுத்தச் சொல்லும்போதெல்லாம், "அத்தான், உச்சிக்காலப் பூஜைக்குள்ள செந்தூர் போயிரணும்லா?" என்பார். நிறுத்தவும் செய்வார்.

முதலில் நிறுத்தியது உப்பளத்தில். தூத்துக்குடியை விட்டுத் தெற்கே நகர்ந்ததும் இரு பக்கமும் பாத்தி பாத்தியாகக் கண்ணாடி பதித்தாற்போல நீர். அதில் வானம் கிடக்கிறது. கரையோரம் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். சிலவற்றுக்குப் பனையோலைக் கூரை, சிலவற்றுக்கு நீலப் பிளாஸ்டிக் படுதா. சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் வெண்கொக்கு, கூட்டமாக ஓடும் உள்ளான் குருவிகள். படம் பிடிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பங்கு இந்தக் கரையில் விளைவது. கடல்நீரையோ, பூமிக்கடியிலிருந்து இறைக்கிற உவர்நீரையோ பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி, வெயிலும் காற்றும் குடித்தது போக மிஞ்சுகிற கெட்டி நீரைக் கடைசிப் பாத்தியில் தேக்குகிறார்கள். அங்கேதான் உப்பு பூக்கிறது. ஆமாம், பூக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். பூத்ததை நீண்ட காம்பு வைத்த பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். விடியுமுன்பே தொடங்குகிற வேலை. வெயில் ஏறினால் கீழிருந்து உப்பின் பளபளப்பு, மேலிருந்து சூரியன். கண் இரண்டும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "போட்டோ எடுக்க வந்தியளா? வெயிலுக்கு முந்தில்லா வந்திருக்கணும்!" என் மனைவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவர்கள் ஊர், உறவு, குழந்தைகள் எல்லாம் பேசிவிட்டார்கள். காலைக் காட்டு என்று இவள் கேட்கவில்லை. அவளே ரப்பர் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். உள்ளங்கால் வறண்ட குளத்தரை மாதிரி வெடித்திருந்தது.

"மழை பெஞ்சா ஊருக்கெல்லாம் சந்தோசம். எங்களுக்கு அன்னைக்குச் சம்பளம் கெடையாது தாயி."

மழை மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 2022 முதல் அரசு வருஷத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்து வருகிறது. அதைச் சொன்னேன். "வருது, வருது" என்றாள். ஐப்பசி முதல் மார்கழி வரை அதை நீட்டிப் பார்த்தவளுடைய குரல்.

பழையகாயல் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காயல் என்றால் கழிமுகம். கடலும் ஆறும் கைகோக்கிற இடம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து, குதிரைக் கப்பல்கள் வந்து குவிகிற பெருந்துறைமுகம் என்று எழுதிவைத்தது இந்த ஊரைத்தான் என்பது கால்டுவெல் பாதிரியாரின் முடிவு. இன்று பழையகாயலில் கப்பல் வேண்டுமென்றால் காகிதத்தில் செய்து விட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கும் மூத்தவள் கொற்கை. சாலையை விட்டு மேற்கே வாழைத் தோட்டங்களுக்குள் புகுந்து போக வேண்டும். மாப்பிள்ளை முணுமுணுத்தார். "மேற்க போனா கடல் எங்கத்தான் வரும்?" நல்ல கேள்வி! பாண்டியர்களின் முத்துத் துறைமுகத்தைப் பார்க்கக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. கொற்கைக்கும் கடலுக்கும் இன்று சுமார் 6 கிலோமீட்டர். வயல், வாழை, ஒரு குளம், கோயில், சில தெருக்கள். கையில் புத்தகம் இல்லாமல் போனால் நம் தாலுகாவில் உள்ள இன்னொரு கிராமம், அவ்வளவே.

ஆனால் 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடற்பயணக் குறிப்பில் இந்த ஊர் இருக்கிறது. இங்கே முத்துக் குளிப்பது தண்டனை பெற்ற குற்றவாளிகளின் வேலை என்று அதில் கண்டிருக்கிறது. ராஜாக்களின் முத்துமாலையைப் பற்றி நாம் நிறைய எழுதியாகிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போன கைதிகளைப் பற்றி அந்த ஒரு வரிதான். 1968-69ல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே தோண்டிய குழியில் கிடைத்த மரக்கரியைச் சோதித்தபோது காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை போயிற்று. 2021ல் மறுபடி தோண்டியபோது சங்கு அறுத்த துண்டுகள் அகப்பட்டன. வாழைக்குக் குழி தோண்டினாலே சிப்பி வரும் என்று தோட்டத்தில் நின்றவர் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, மண்வெட்டி மழுங்குகிறதே என்று சொன்னார்.

கடல் ஏன் போயிற்று? தாமிரபரணி போகச் சொல்லிவிட்டது. மலையிலிருந்து வருஷந்தோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்குப் போயிற்று. காயல் தூர்ந்ததும் புன்னைக்காயலுக்கு. அப்புறம் ஆற்றையே நம்பாமல் தூத்துக்குடிக்கு. நாம் கார் ஓட்டி வந்த வயல்களும் வாழைகளும் பழைய கடல்தான். கடல் தெரியவில்லை என்று என் நண்பர் குறைப்பட்டாரே, அவர் வண்டி போனதே கடலின் மேல்!

முத்தும் போய்விட்டது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961ல். சங்கு குளிப்பதோடு சரி.

முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டினால் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களின் வாசனை காருக்குள் வந்தது. அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறுகிற கொடி. உள்ளே நுழைந்தால் வெயில் காலத்திலும் குளிர்ச்சி. இந்த வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் அதே வருஷம்தான். நான் இரண்டு கவுளி வாங்கிக்கொண்டேன். காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஒன்றைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் வண்டி ஓட்டினார்.

அதே 2023 டிசம்பரில் இந்தப் பிரதேசம் முழுவதும் மூழ்கிக் கிடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சாதாரணமாக ஒரு வருஷம் முழுவதும் அங்கே அவ்வளவு பெய்வதில்லை. சாலைகள் அறுந்தன, உப்பு அம்பாரங்கள் கரைந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே சுமார் 800 பேரோடு நின்றது. போன கடல் இரண்டு நாள் வந்து பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூரைப் பற்றி நான் எழுத வேண்டாம், எழுதாதவர்கள் இல்லை. ஒன்று மட்டும். சந்நிதி கடலைப் பார்த்திருக்கிறது. அங்கே கோபுரம் கட்ட இடம் ஏது? ஆகையால் ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே, சுவாமியின் முதுகுப் பக்கம் நிற்கிறது. அலைக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணறு. உப்புக் கடலருகே நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் இப்படிக் கிடைக்கிறது என்று நிலநீர் படித்தவர்கள் சொல்வார்கள். அந்த விளக்கம் தெரிந்த பிறகும் என் மனைவி அந்தத் தண்ணீரை இரண்டு கைகளாலும் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். நானும்தான்.

திருச்செந்தூருக்குத் தெற்கே சாலை கொஞ்சம் மனம் இளகுகிறது. பனைகளின் இடைவெளியில் ஒரு நீலக் கீற்று தெரிந்து மறையும். குலசேகரன்பட்டினம் வந்தது. தசராவின்போது லட்சக்கணக்கான ஜனங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற ஊர். ராஜாவும் குறவனும் காளியும் பிச்சையெடுத்து முத்தாரம்மனுக்குக் காணிக்கை கொண்டுவருவார்கள். வைகாசி மத்தியானத்தில் தெருவில் ஒரு ஆடு மட்டும் படுத்திருந்தது.

இதுவும் பழைய துறைமுகம்தான். இங்கே பனங்கருப்பட்டியிலிருந்து சீனி காய்ச்சுகிற ஆலை இருந்தது. ஆலைக்காக ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். திசையன்விளை வரை ஒரு பக்கம், திருச்செந்தூர் வரை ஒரு பக்கம். 1940ல் மூடிவிட்டார்கள். 1942ல் இங்கே உப்பு இலாகா அதிகாரியான லோன் என்ற வெள்ளைக்காரர் கொல்லப்பட்டு, காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பின்னால் அது குறைக்கப்பட்டது. ஆலையும் ரயிலும் கப்பலும் போன பிறகு ஊர் எண்பது வருஷம் பனையை நம்பிக் கிடந்தது.

இப்போது ராக்கெட். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். ஏன் இந்த ஊர் என்று மாப்பிள்ளை உற்சாகமாக விளக்கினார். அவருக்கு இதெல்லாம் மனப்பாடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் நடுவில் இலங்கை இருக்கிறது. அதைச் சுற்றித் திரும்பிப் போக எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவில் பாதி பலம் போய்விடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே பார்த்தால் தென்துருவப் பனிக்கண்டம் வரை வெறும் தண்ணீர். "இந்த ஊருக்கு மறுபடியும் யோகம் அத்தான்! கப்பல் போச்சு, ராக்கெட் வருது." அவர் சொன்னதில் பிசகு எதுவும் இல்லை. அவர் பெண்ணுக்கு எஞ்சினீயரிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பட்டணம் போகாமல் இங்கேயே வேலை பார்த்தால் யாருக்குக் கசக்கும்?

விளைக்குப் போனோம். எடுத்த நிலத்துக்கு வெளியேதான் இருக்கிறது. தரகர்களுக்கு அதுதான் அழகு. அங்கிருந்து மேற்கே தேரி தெரிகிறது. சிவப்பு மணல்! முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ வெளிநாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள். மணலின் ஒவ்வொரு பொடிக்கும் இரும்புத் துரு பூசினாற்போல் ஒரு மேல்பூச்சு. அதனால் இந்த நிறம். காற்று தூக்கிக்கொண்டு வந்து குவித்த குன்றுகள். இந்தத் தேரிகளில் கல்லாயுதக் காலத்து மனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகள் கிடைக்கின்றன; ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956ல் அதைப் பற்றி எழுதினார்கள்.

விளையில் ஒரு பெரியவர் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. எங்கள் மரங்களைப் பாட்டத்துக்கு எடுத்து ஏறுகிறவர். அந்தப் பக்கத்தில் மரமேற ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அவருடைய மகனே ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறானாம். விடிலிக்குள் அவர் மனைவி பதநீரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சிரட்டைகளில் ஊற்றி வைத்த கருப்பட்டி இறுகிக்கொண்டிருந்தது. ஓலைப் பட்டையில் பதநீர் கொடுத்தார்கள். சுண்ணாம்பு லேசாக நாக்கில் தட்டியது. மூன்று பட்டை குடித்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீர்கள்?" என்றேன்.

"நாப்பது. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. செந்தூர்க் கோபுரத்துல எத்தனை மட்டம் ஏறி எறங்குன கணக்கு வருதுன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

மாப்பிள்ளை தரகர் அளந்து நட்ட கல்லைப் பார்க்கப் போய்விட்டார். பெரியவரும் அந்தக் கல்லைப் பார்த்தார். பனையை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது, கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021ல் அறிவித்தது அவருக்குத் தெரியும். "வெட்ட விட மாட்டாவ. ஆனா சுத்திக் கம்பிவேலி போட்டுட்டா மரம் நின்னா என்ன, ஏற முடியாதுல்லா" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "வித்தா முன்கூட்டிச் சொல்லிருங்க தாயி. பாளை சீவுன மரத்தை நடுவுல விட்டுட்டுப் போக மனசு கேக்காது" என்றார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தாயார் இந்த விடிலியில்தான் உட்கார்ந்து அடுப்புக்கு ஓலை தள்ளினாள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்த பிறகு!

மணப்பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. இத்தனை நேரம் ஒளிந்திருந்த கடல் இங்கே சேர்த்துவைத்துக் காட்டுகிறது. கடலுக்குள் மூக்கை நீட்டின மணற்பாறைக் குன்று. மேலே திருச்சிலுவைக் கோயில். வடக்கே கருமேனியாறு கடலைத் தொடுகிற இடத்தில் மணல்திட்டு, அதற்கு உட்பக்கம் அமைதியான உப்பங்கழி, வெளிப்பக்கம் அலை. 1542ல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். வரும்போது தமிழ் தெரியாது. ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவர் தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் சரிவில் இருக்கிறது. உள்ளே ஒரு கிணறு. அதிலும் நல்ல தண்ணீர்! முருகனுக்குக் கிடைத்த சௌகரியம் சவேரியாருக்கும் கிடைத்திருக்கிறது.

ஊருக்குள் இலங்கை வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டின மாளிகைகள் இருக்கின்றன. அகலமான படிகள், உயரமான தூண்கள். பலவற்றில் பூட்டு. பெண்கள் பனை ஈர்க்கிலும் ஓலையிலும் பெட்டி முடைகிறார்கள். என் மனைவி ஒன்று வாங்கினாள். மூடி வைத்த சின்னப் பெட்டி, சிவப்புக் கோடு போட்டது. ஓலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். "இங்கன உள்ள விளையிலதான் யக்கா" என்றாள் விற்ற பெண்.

குன்றின் மேல் உட்கார்ந்தோம். காற்று பேச விடவில்லை. கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. இரண்டு படகுகள் அலையைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார்.

"அக்கா, நாளைக்குப் பத்து மணி. ஆதார் கார்டு எடுத்துக்கிட்டியா?"

"எடுத்திருக்கேன்."

"போட்டோ ரெண்டு?"

"அதுவும் இருக்கு." அவள் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "ஏல தம்பி, இவளுக்குக் காலேஜ்ல பணம் எப்பக் கட்டணும்?"

"ஆடிக் கடைசிக்குள்ள."

"எவ்வளவு?"

அவர் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் பார்வை கேள்வியில்லை, தகவல்.

"அதை நாங்க கட்டுதோம். நீ தரகர்ட்ட ஆவணி கழிச்சு வரச் சொல்லு. அந்த மனுஷன் இந்த வருஷத்துப் பாளையைச் சீவி முடிக்கட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பேசுவோம். விக்கவே மாட்டேன்னு நான் சொல்லலையே."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்துக்கொண்டு, காற்று மறைகிற இடம் தேடிக் கோயில் சுவரின் பின்பக்கம் போனார். தரகரிடம் அவர் உரக்கப் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. திரும்பி வந்தவர், "அத்தான், உவரி வரைக்கும் போயிட்டு வந்திருவமா? அங்க கப்பல் மாதிரியே ஒரு கோயில் கட்டியிருக்காவ, நீங்க பாத்ததில்லையே" என்றார். அன்று அவராகவே ஒரு இடத்தில் நிறுத்தலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டோம்.